அரங்கத்தில் காசு வாங்க மாட்டார்களாமே? குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே, எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை நிற்கிற சின்ன ஊர் நம்முடையது. இங்குள்ள விளையாட்டு மண்டபத்தின் கண்ணாடிக் கதவில் 'இனி ரொக்கம் ஏற்கப்படாது' என்று தாள் ஒட்டிய நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரு சந்தேகம். மாலையில் பூப்பந்து ஆட வருகிறவர்கள் கேட்கிறார்கள், பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டி வருகிற அம்மாமார்கள் கேட்கிறார்கள், கோலாலம்பூருக்கு ஆட்டம் பார்க்க வேன் பிடிக்கிற பையன்கள் கேட்கிறார்கள். வேன் பேசுவதும் மண்டபத்தில் பூப்பந்து கோர்ட் பதிவு செய்வதும் என் தலையில் விழுந்த வேலை என்பதால் எல்லாக் கேள்வியும் என்னிடமே வருகிறது. தேநீர்க்கடையில் நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன், வேண்டியவர்கள் படித்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, நிஜமாகவே வெள்ளியை (ரிங்கிட் நோட்டை) நீட்டினால் வாங்க மாட்டார்களா?

இடத்துக்கு இடம் மாறும். டிக்கெட், கார் நிறுத்துமிடம், சாப்பாட்டுக் கடை, கோர்ட் வாடகை எல்லாமே தனித்தனிக் கணக்கு, அநேகமாகத் தனித்தனி ஆள்களின் கையில் இருக்கும். ஒன்றில் காசு செல்லும், பக்கத்துக் கடையில் செல்லாது.

டிக்கெட் விஷயம் எப்போதோ முடிந்துபோன கதை. 2010-இல் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா தென்கிழக்காசியக் கால்பந்தின் சுசுகி கிண்ணத்தை வென்றதே, கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் இந்தோனேசியாவை 3-0 என்று போட்டுத் தாக்கிய அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கவுண்டர், வரிசை, கசங்கிய நோட்டு என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். இப்போது பெரிய ஆட்டம் என்றால் இணையத்தில் வாங்கு, கைப்பேசியில் வரும் கியூஆரைக் காட்டு, உள்ளே போ. அவ்வளவுதான். போகிற வழியில் நெடுஞ்சாலை டோலிலும் காசு வாங்குவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. கோலாலம்பூரில் இறங்கி ரேபிட் கேஎல் பஸ் ஏறினால் அங்கேயும் அட்டையைத்தான் தட்ட வேண்டும். ஆகவே அரங்கத்துக் கதவு மட்டும் திடீரென்று நம்மை மறித்ததாக நினைக்க வேண்டாம். அது கடைசிக் கதவு, முன்னால் இருந்தவை ஒவ்வொன்றாக மூடியபோது நாம் சும்மா இருந்துவிட்டோம்.

எதற்காக இப்படிச் செய்கிறார்கள்? யாருக்கு லாபம்?

முதல் காரணம் வரிசை. கால்பந்தில் இடைவேளை 15 நிமிடம்தான். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தண்ணீரும் பர்கரும் கேட்பார்கள். ஐம்பது வெள்ளி நோட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தால் பாதிப் பேர் வாங்காமலே திரும்பிவிடுவார்கள். இரண்டாவது, ராத்திரி பதினொரு மணிக்குக் கடை கடையாகக் காசை எண்ணி, பையில் கட்டி, காவலாளியோடு வங்கிக்கு அனுப்புகிற வேலை மிச்சம், கையாடலும் குறையும். மூன்றாவது கொரோனா. அப்போது நோட்டைத் தொடவே பயந்தோம், அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் கொரோனாவுக்கு முன்பே இது தொடங்கியாயிற்று. அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் டிராபிகானா ஃபீல்டும் அட்லாண்டாவின் மெர்சிடிஸ்-பென்ஸ் அரங்கமும் 2019-இல் ரொக்கத்தை நிறுத்தின. அதே ஆண்டு லண்டனில் டோட்டன்ஹாம் கால்பந்துக் குழு புது அரங்கத்தைத் திறந்தபோதே ரொக்கமில்லாமல்தான் திறந்தார்கள். அட்லாண்டாக்காரர்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் நம் ஆள்கள் யாரும் பேசுவதில்லை. காசு எண்ணுகிற செலவு மிச்சம் என்று சொல்லி, அதிகம் விற்கிற சில சாப்பாட்டுச் சாமான்களின் விலையை அரை டாலர் குறைத்தார்கள். இங்கே அறிவிப்புத் தாள் ஒட்டினார்கள், சரி. மைலோ விலை குறைந்ததா? ஒரு காசுகூடக் குறையவில்லை.

சட்டப்படி காசு வாங்க மாட்டேன் என்று சொல்லலாமா? ரிங்கிட் நோட்டு செல்லாத நோட்டா?

செல்லுகிற நோட்டுதான். 2009-ஆம் ஆண்டின் மலேசிய மத்திய வங்கிச் சட்டம் அதைச் சட்டபூர்வப் பணம் என்கிறது. ஆனால் 'எந்த முறையில் பணம் வாங்குவேன்' என்று கடைக்காரர் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் வாங்கப் போனால், நோட்டை முகத்துக்கு நேரே ஆட்டிச் சண்டை போடுவதில் பெரிய பலன் கிடைக்காது. சாப்பிட்டு முடித்த பிறகு 'காசு வாங்க மாட்டோம்' என்று சொன்னால் அது வேறு விஷயம், அங்கே தாராளமாக நியாயம் கேட்கலாம். அறிவிப்பு வாசலிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் சில ஊர்கள் இதற்கென்றே சட்டம் போட்டுவிட்டன. பிலடெல்பியாவில் 2019 ஜூலையிலிருந்தும் நியூயார்க் நகரில் 2020 நவம்பரிலிருந்தும் சில்லறைக் கடைகள் ரொக்கத்தை மறுக்க முடியாது. வங்கிக் கணக்கு இல்லாத ஏழைகள் அங்கேயும் இருக்கிறார்கள், அவர்களைக் கடைக்கு வெளியே நிறுத்தக்கூடாது என்பதுதான் அந்த வாதம்.

எங்கள் வீட்டில் எல்லாமே அவர் போனில்தான் இருக்கிறது. எனக்குத் தனியாக வேண்டுமா?

வேண்டும் அக்கா, கட்டாயம் வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே இதுதான் பெரிய கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம்.

முன்பு குடும்பத்தோடு ஆட்டத்துக்குப் போனால் காசு நாலு இடத்தில் இருக்கும். அப்பாவின் பர்சில் கொஞ்சம், அம்மாவின் கைப்பையில் அவசரத்துக்கு மடித்து வைத்த ஒரு ஐம்பது வெள்ளி, பாட்டியின் சுருக்குப் பையில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம், பெரியவனின் பாக்கெட்டில் ஐந்து. யாராவது கூட்டத்தில் பிரிந்துவிட்டாலும் தண்ணீர் வாங்கவோ பஸ் ஏறவோ முடியும். இப்போது அத்தனையும் ஒரே கைப்பேசிக்குள் போய்விட்டது, அதுவும் அநேகமாக அப்பாவின் கைப்பேசி. அவர் ஆட்டத்தில் மூழ்கி மேல்தட்டில் உட்கார்ந்திருப்பார். கீழே சின்னவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போன அம்மா கடை முன்னால் நின்று 'கியூஆரைப் படம் எடுத்து அனுப்புகிறேன், அங்கிருந்தே கட்டுங்கள்' என்று போன் அடித்துக்கொண்டிருப்பார். அதற்குள் அங்கே கோல் விழுந்திருக்கும், அவர் எடுக்கவும் மாட்டார்.

கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் கிண்டல் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து நம் பெண்கள் சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் கொஞ்சமாவது தன் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு எத்தனை வீட்டில் எத்தனை போராட்டம் நடந்திருக்கிறது. காசு மறைந்துபோகிறபோது அந்தக் கையிருப்பும் சத்தமில்லாமல் ஒரே கணக்குக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடாது. உங்கள் பெயரில், உங்கள் எண்ணில், உங்கள் மைகார்டை (அடையாள அட்டையை) வைத்துத் தனி வாலட் (பணம் ஏற்றி வைத்துக் கட்டுகிற கைப்பேசிச் செயலி) ஒன்று பதிவு செய்துகொள்ளுங்கள். கடவுச்சொல் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஆட்டத்தன்று காலையில் டியூட்நவ் என்கிற பணமாற்றச் சேவை வழியாக அவர் ஐம்பதோ நூறோ உங்களுக்கு மாற்றிவிடட்டும், நொடியில் வந்துவிடும். 5,000 வெள்ளி வரைக்கும் தனிநபர் மாற்றத்துக்குக் கட்டணமும் இல்லை.

பாட்டிக்கு பட்டன் போன்தான். அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதா?

பாட்டியை விட்டுவிட்டு ஆட்டம் என்ன ஆட்டம். வங்கி டெபிட் அட்டை இருந்தால் போதும், ஸ்மார்ட்போன் தேவையில்லை. நம் பக்கத்து முதியவர்கள் பலருக்கு பிஎஸ்என் (தேசிய சேமிப்பு வங்கி) கணக்கு இருக்கிறது, அட்டை எங்காவது அலமாரியில் நெகிழிப் பைக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துக் காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். 250 வெள்ளி வரை பின் (PIN) எண் போடாமலே தட்டிக் கட்டலாம். அந்த வசதியே பயமாக இருந்தால் வங்கியில் சொல்லி நிறுத்திவிடலாம், அல்லது வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். பின் எண்ணை அட்டையின் பின்பக்கம் எழுதி வைக்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடச் சொல்லுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. 'ரொக்கம் இல்லை' என்று போட்டிருக்கிற எல்லாக் கடையிலும் அட்டை இயந்திரம் இருக்காது. சில கடைகளில் கியூஆர் ஒட்டி (ஸ்டிக்கர்) மட்டும்தான், அப்போது பாட்டியின் அட்டையும் சும்மாதான். போவதற்கு முன் அரங்கத்தைக் கூப்பிட்டு 'அட்டை செல்லுமா, கியூஆர் மட்டுமா' என்று கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. அப்பா அம்மா பார்க்காத நேரத்தில் பாட்டி பேரன் கையில் பத்து வெள்ளியைத் திணிப்பாரே, அதை எந்தச் செயலியில் செய்வது?

அரசாங்கத்தின் ஸாரா உதவித் தொகை மைகார்டில் இருக்கிறதே, அதை அரங்கத்துக் கடையில் தட்டலாமா?

முடியாது. அரிசி, மாவு, முட்டை, சோப்பு மாதிரி அத்தியாவசியச் சாமான்களைப் பதிவு பெற்ற கடைகளில் வாங்குவதற்கான பணம் அது. டிக்கெட்டுக்கும் பர்கருக்கும் செல்லாது. ஆனால் ஒன்று, 2025 ஆகஸ்ட் 31 முதல் பெரியவர்கள் எல்லாருக்கும் 100 வெள்ளி மைகார்டில் போட்டார்களே, அப்போது 'எனக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று சொல்லிக்கொண்டிருந்த தாத்தாக்கள் எல்லாம் வரிசையில் நின்று அட்டையை நீட்டி அரிசி வாங்கிக்கொண்டு போனார்கள். கையில் இருக்கிற அட்டையை வைத்தே செய்ய முடிகிற ஏற்பாடாக இருந்தால் வயதானவர்கள் பழகிக்கொள்வார்கள். செயலியை இறக்கு, புதுப்பி, முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்றால்தான் மிரண்டு போகிறார்கள்.

டச் அண்ட் கோ அட்டையில் காசு இருக்கிறது. வாலட்டில் காட்டவில்லையே?

அட்டை வேறு, வாலட் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இந்தக் குழப்பம் ஊர் முழுக்க இருக்கிறது. அட்டையில் ஏற்றிய பணம் அட்டையில்தான் இருக்கும், டோலுக்கும் பஸ்ஸுக்கும் கார் நிறுத்துவதற்கும் அதுதான் போகும். கடையில் கியூஆர் ஸ்கேன் செய்தால் வாலட்டில் இருக்கிற பணம் போகும். புது வகை அட்டையாக இருந்தால் கைப்பேசியின் பின்னால் வைத்து வாலட்டிலிருந்து அட்டைக்கு ஏற்றிக்கொள்ளலாம். இரண்டிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கிரெடிட் அட்டையிலிருந்து வாலட்டுக்கு ஏற்றாதீர்கள், 1 விழுக்காடு பிடிக்கலாம். டெபிட் அட்டையோ வங்கிக் கணக்கோ போதும்.

பள்ளிக் குழுவோடு போட்டிக்குப் போகிற பிள்ளையிடம் என்ன கொடுத்து அனுப்புவது?

பதினொரு வயதுப் பிள்ளையிடம் வாலட் நிறைய பணத்தோடு கைப்பேசியைக் கொடுத்து அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. வாலட்டுகளுக்கு வயது விதிகளும் உண்டு, அப்பா பெயரில் பதிவு செய்ததைப் பிள்ளை பயன்படுத்தினால் பிரச்சினை வருகிறபோது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்வது பழைய முறைதான். பெற்றோர் எல்லாரும் ஆசிரியரிடம் ஆளுக்குப் பத்தோ பதினைந்தோ ரொக்கமாகக் கொடுத்துவிடுவது, அங்கே போய் ஆசிரியர் தன் வாலட்டிலிருந்து மொத்தமாகக் கட்டுவது. இதில் ஆசிரியருக்குத்தான் தொல்லை. தன் சொந்தப் பணம், பிள்ளைகள் பணம் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரு 555 புத்தகம் (சின்னக் கணக்குக் குறிப்பேடு) வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுங்கள், யாருக்கு எவ்வளவு என்று அதில் எழுதிக்கொள்ளட்டும். செயலியில் வரலாறு இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது. ஆனால் 'மொத்தம் 84.50' என்று காட்டுமே தவிர, அதில் குமரனின் மீ கோரேங் எது, கவிதாவின் ஐஸ்கிரீம் எது என்று காட்டாது.

போட்டி நடக்கிற இடத்துக்கும் ஒரு வார்த்தை. நாள் முழுக்க ஓடிவிட்டு வந்து நிற்கிற பிள்ளை ஒரு வெள்ளி நோட்டை நீட்டித் தண்ணீர் கேட்டால், அந்தப் பிள்ளையைத் தாகத்தோடு திருப்பி அனுப்புகிற விதி எந்த ஊர் விதி? குடிநீர்க் குழாயாவது ஒழுங்காக வையுங்கள்.

நம் மண்டபத்தில் கோர்ட் கிடைப்பதே இல்லையே, அதுவும் இதனால்தானா?

பாதி அதனால்தான். ரொக்கத்தை நிறுத்தியதோடு கவுண்டரில் பதிவு செய்வதையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள், இதைப் பலர் கவனிக்கவில்லை. முன்பு ஆறு பையன்கள் ஆளுக்கு இரண்டு வெள்ளி போட்டு, கவுண்டர் அண்ணனிடம் கொடுத்து, காலியாக இருக்கிற கோர்ட்டில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போவார்கள். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. இப்போது செயலியில் கணக்கு வேண்டும், முன்பணம் இணையத்தில் கட்ட வேண்டும், பதிவு திறந்த உடனே விரல் வேகமாக ஓடுகிறவர்கள் நல்ல நேரத்தையெல்லாம் பிடித்துவிடுகிறார்கள். சிலர் வாரம் முழுக்கப் பிடித்து வைத்துவிட்டு வருவதும் இல்லை. கோர்ட் காலியாகக் கிடக்கும், விளக்கு எரியும், வெளியே படிக்கட்டில் பையன்கள் மட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே விடுவதற்குக் கவுண்டரில் ஆள் இருந்தும் வழி இல்லை, கணினி 'நிரம்பிவிட்டது' என்கிறது.

இதற்கு ரொக்கத்தைத் திருப்பிக் கொண்டுவருவது மட்டும் மருந்து ஆகாது. பத்து நிமிடம் வராதவர்களின் கோர்ட்டை அங்கேயே நிற்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு விதி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். எழுதிக் கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்.

அங்கே போய்க் கைப்பேசிக்கு லைன் கிடைக்காவிட்டால்?

புக்கிட் ஜாலில் நிரம்பினால் எண்பதாயிரத்துக்கும் மேலே ஆள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கோலைப் படம் பிடித்து அனுப்புகிறபோது உங்கள் வாலட் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள், அதுவும் தோட்டத்துக்குள் வீடு என்றால் டவுனுக்கு வந்து நல்ல லைன் கிடைத்ததும் முடித்துவிடுங்கள். பணம் ஏற்றுவது, டிக்கெட்டைத் திறந்து படமாகச் சேமிப்பது (சில டிக்கெட் நிறுவனங்கள் படத்தை ஏற்பதில்லை, மின்னஞ்சலில் எழுதியிருப்பார்கள், படியுங்கள்), செயலியைப் புதுப்பிப்பது எல்லாம் அதில் அடங்கும். பவர்பேங்க் ஒருவரிடமாவது இருக்கட்டும். கையோடு ஒரு டெபிட் அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் போனில் லைன் இல்லாவிட்டாலும் கடைக்காரரின் இயந்திரம் வேறு இணைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து பேர் டிக்கெட்டையும் ஒரே கைப்பேசியில் வைத்துக்கொண்டு வாசலில் பேட்டரி செத்துப்போய் நிற்கிற குடும்பத்தை எல்லா ஆட்டத்திலும் பார்க்கலாம்.

இதனால் செலவு கூடுமா?

கூடும். ஐம்பது வெள்ளியை எடுத்துக்கொண்டு போனால் ஐம்பதோடு முடிந்துவிடும், பிள்ளைகளிடம் காலி பர்சை விரித்துக் காட்டலாம், அதற்கு மேல் பேச்சில்லை. வாலட்டை அப்படி விரித்துக் காட்ட முடியாது. வங்கியிலிருந்து தானாகவே நிரப்பிக்கொள்ளும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அன்றைக்கு எவ்வளவு செலவழிக்க மனம் வருகிறதோ அவ்வளவு மட்டும் ஏற்றிக்கொண்டு போங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

வாசலில் கடை போடுகிற நம் ஆள்களின் கதி என்ன?

அரங்கத்துக்கு உள்ளே கடை எடுப்பது ஒப்பந்தக்காரர்கள், அவர்களுக்கு இயந்திரம், கணக்கு எல்லாம் தயாராக இருக்கும். கஷ்டம் வெளியே நிற்கிறவர்களுக்கு. ஈப்போ புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்று ஒரு குடியிருப்பே இருக்கிறது, கடலை முறுக்கு வியாபாரத்துக்குப் பெயர் போன நம் ஆள்களின் இடம். இந்தப் பக்கத்தில் எங்கே ஆட்டம் நடந்தாலும் வாசலில் ஒரு கச்சாங் பூத்தே வண்டி நிற்கும்.

அப்படி ஒருவரிடம் வாங்கியபோது பார்த்தது. குடைக் கம்பியில் கியூஆர் அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், வெயிலில் கறுப்பு வெளுத்துப்போய் பாதிக் கட்டம் தெரியவில்லை. முன்னால் நிற்கிற பெண் கைப்பேசியைக் கிட்டே கொண்டுபோய், தூரம் கொண்டுபோய், கையால் நிழல் கட்டி ஒரு வழியாகக் கட்டிவிட்டார். கணக்கு அந்த அண்ணனின் மனைவி பெயரில், செய்தி வருவது வீட்டில் இருக்கிற அவருடைய போனுக்கு. இவர் கடலைப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே மனைவியைக் கூப்பிடுகிறார்: "மூணு வெள்ளி வந்துச்சா பாரு." அங்கே சமையலறையில் இருந்து பதில் வரும்வரை பின்னால் ஏழு பேர் காத்திருக்கிறோம்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அட்டையைப் புதிதாக அச்சடித்து நிழலில் வையுங்கள். டியூட்நவ் கியூஆர் ஒன்று போதும், எந்த வாலட், எந்த வங்கிச் செயலி வைத்திருக்கிறவரும் அதில் கட்டலாம், ஐந்து நிறுவனத்து ஒட்டியையும் வரிசையாக ஒட்ட வேண்டியதில்லை. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி கிடைக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது, ஏனென்றால் 'கட்டிவிட்டேன்' என்று பழைய ரசீதின் படத்தைக் காட்டிவிட்டு நழுவுகிற ஆள்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காசு செல்லாமல் வெளியே வருகிற பிள்ளைகளும் பாட்டிகளும் உங்களிடம்தான் வருவார்கள், அந்த வியாபாரத்தை ஏன் விட வேண்டும்?

போலி கியூஆர் ஒட்டுகிறார்களாமே?

கடைக்காரரின் ஒட்டி மேல் வேறு ஒட்டியை ஒட்டிவிடுவார்கள், பணம் வேறு யாருக்கோ போய்விடும். ஸ்கேன் செய்ததும் திரையில் பெயர் வரும், அந்தப் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். டிக்கெட் கிடைக்காத நேரத்தில் 'கைவசம் இரண்டு இருக்கிறது' என்று செய்தி அனுப்புகிறவர்களிடம்தான் நம் பையன்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஊர் முழுக்கச் சொல்லிப் புலம்புவதற்கு முன்னால் 997-ஐக் கூப்பிடுங்கள், அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். உங்கள் வங்கியையும் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கோயில் இளைஞர் பிரிவு நடத்துகிற பொங்கல் விளையாட்டை நாங்களும் ரொக்கமில்லாமல் நடத்தலாமா?

கியூஆர் வையுங்கள், ரொக்கத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். அதுவும் குழு உறுப்பினர் யாருடைய சொந்தக் கணக்காகவும் இருக்க வேண்டாம், சங்கத்துக்கென்று கணக்கு திறந்து அதன் கியூஆரை வையுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளரின் சட்டையைப் பிடிப்பீர்கள்.

கடைகளில் காசு புழங்க வேண்டாம் என்றால் அதற்கு நம் பள்ளிகளின் சிற்றுண்டிச்சாலை நாளே வழி காட்டுகிறது. வாசலில் ஒரே ஒரு மேசை, அங்கே ரொக்கமோ கியூஆரோ கொடுத்துக் கூப்பன் வாங்கு, உள்ளே எல்லாக் கடையிலும் கூப்பன் மட்டும். வரிசை குறையும், கணக்கும் சுத்தம், பாட்டியும் வாங்கலாம், ஏழு வயதுப் பிள்ளையும் வாங்கலாம். அட்லாண்டா அரங்கத்தில் நோட்டைப் போட்டால் அட்டை தருகிற இயந்திரங்களைக் கட்டணம் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு மேசையும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்துப் பல வருடமாகச் செய்துவருவது அதைத்தான். ஒரே ஒரு திருத்தம்: மிச்சக் கூப்பனுக்குக் காசு திருப்பிக் கொடுங்கள். 'நன்கொடை' என்று சொல்லி வைத்துக்கொள்கிற பழக்கம் நன்றாக இல்லை.

ஆட்டம் தள்ளிப்போனால் பணம் திரும்பி வருமா?

திருப்பித் தந்தால், அநேகமாக எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியிலேயே வரும். ஆகவே நண்பன் வாலட்டிலிருந்து கட்டியிருந்தால் நண்பனுக்குத்தான் போகும். வேன் கூட்டத்துக்கு மொத்தமாக ஒருவர் வாங்கினால் யார் யாருக்காக என்று எழுதி வையுங்கள்.

எங்கே போய்ச் சொல்வது? யாராவது கேட்பார்களா?

மண்டபம் யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி நிர்வகிக்கிற இடம் என்றால் அவர்களிடமே எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் பகுதி கவுன்சிலருக்கு ஒரு பிரதி. தனியார் கடைகளைப் பற்றிய புகார் என்றால் உள்நாட்டு வாணிப அமைச்சு இருக்கிறது. 'பழையபடி மாற்றுங்கள்' என்று எழுதினால் மேசையில் தூங்கும். குறிப்பாகக் கேளுங்கள்: ஒரு கவுண்டரிலாவது ரொக்கம் வாங்க வேண்டும், அல்லது ரொக்கம் கொடுத்து அட்டையோ கூப்பனோ வாங்க வழி வேண்டும், பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளும் அறுபது தாண்டியவர்களும் நேரில் வந்து கோர்ட் பதிவு செய்ய ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். இப்படி எழுதிய கடிதத்தில் பூப்பந்துக்காரர்கள், நீச்சல் வகுப்புப் பெற்றோர், சீன நண்பர்களின் மேசைப்பந்துக் குழு, மலாய் பாட்டிகளின் ஸூம்பா குழு எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னும் போடாதவர்கள் சனிக்கிழமை காலையில் தேநீர்க்கடைக்கு வாருங்கள், தாள் என்னிடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று அண்ணே. அப்போ காசே எடுத்துப் போக வேண்டாமா?

யார் சொன்னது? பஸ் நிலையக் கழிப்பறையில் முப்பது காசு கேட்பார்கள், வாசலில் கார் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்து நிற்பார், ராத்திரி திரும்புகிற வழியில் ரோட்டோரக் கடையில் 'லைன் இல்லை பாஸ், கேஷ் லா' என்பார்கள். ஆளுக்கு இருபது வெள்ளி, அதில் கொஞ்சம் சில்லறை.